இசட் டிரைவ் எங்கே போனது? லாகின் ஸ்கிரிப்டைப் பழுது பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கைக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்தப் புகாரும் வந்துவிடும்: "சார், இசட் டிரைவைக் காணவில்லை." சொல்பவர் பதறியிருப்பார். மூன்று மாதக் கணக்கு அதில்தான் இருக்கிறது, மாலைக்குள் மேலாளருக்கு அனுப்பியாக வேண்டும். "நான் எதையும் அழிக்கவில்லை சார்" என்று நாம் கேட்காமலேயே சொல்வார். முதலில் அவருக்கு நிம்மதியைக் கொடுங்கள். கோப்புகள் எங்கும் போய்விடவில்லை. அவை அவருடைய கணினியில் எந்நாளும் இருந்ததே இல்லை.

இசட் என்பது வெறும் குறும்பெயர். கோப்புகள் இருப்பது, அலுவலகத்தின் ஏதோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் வட்டில். அந்தச் சர்வர் தன்னிடமுள்ள ஒரு ஃபோல்டரை 'கணக்கு' என்ற பெயரில் மற்றக் கணினிகளுக்குத் திறந்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை ஷேர் என்கிறோம். சர்வரின் பெயர் 'கோப்பகம்' என்றால், அந்த ஷேரின் முழு முகவரி \\கோப்பகம்\கணக்கு. இதை ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே அந்த முகவரிக்கு இசட் என்ற ஓர் எழுத்தை ஒட்டிவைக்கிறோம். ஒட்டும் வேலையைக் காலையில் லாகின் செய்ததும் தானாகச் செய்து முடிக்கும் சிறிய கட்டளைக் கோப்புதான் லாகின் ஸ்கிரிப்ட்.

எழுத்துகளால் வட்டுகளை அழைக்கும் பழக்கம் டாஸ் காலத்தது. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு, சி ஹார்ட் டிஸ்குக்கு. 1980களில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் அலுவலகங்களுக்கு வந்தபோது, லாகின் ஸ்கிரிப்டில் 'மேப்' என்ற கட்டளையை எழுதி சர்வரின் ஃபோல்டர்களுக்கு எழுத்து கொடுத்தார்கள். நெட்வொர்க் டிரைவ்கள் பெரும்பாலும் எஃப் எழுத்திலிருந்து தொடங்கும். நெட்வேர் மறைந்துவிட்ட அலுவலகங்களிலும் "எஃப் டிரைவில் போடுங்கள்" என்ற பேச்சு மறையவில்லை. இன்று பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பது, பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க விண்டோஸ் 2000 உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். மிக எளிய லாகின் ஸ்கிரிப்ட் ஒரே வரிதான்:

நெட் யூஸ் இசட்: \\கோப்பகம்\கணக்கு

ஒரே வரி. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அந்த வரி கெட்டுப்போவது அரிது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் கண்ணிகள்தான் அறுந்துபோகின்றன. பழி மட்டும் ஸ்கிரிப்டின் மேல் விழுகிறது.

காலையில் என்ன நடக்கிறது

கணினியைத் திறந்ததும் அது முதலில் தனக்கு ஓர் ஐபி முகவரியைக் கேட்டு வாங்குகிறது. கூடவே, பெயர்களைத் தேட எந்த டிஎன்எஸ் சர்வரை அணுக வேண்டும் என்ற தகவலும் வருகிறது. அந்த டிஎன்எஸ் சர்வரிடம் "இந்த அலுவலகத்தின் டொமைன் கன்ட்ரோலர் எங்கே?" என்று கேட்கிறது. டொமைன் கன்ட்ரோலர் என்பது அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய கடவுச்சொல் என்ன, எந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர். நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அதுதான் சரிபார்க்கிறது. அப்போது இரு பக்கத்துக் கடிகாரங்களையும் ஒப்பிடுகிறது. வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் கெர்பெரோஸ் என்ற அந்தச் சரிபார்ப்பு முறை மறுத்துவிடும். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கிய பழைய கணினிகளில் இதைப் பார்க்கலாம்.

சரிபார்த்த பிறகு, நீங்கள் யார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று எழுதிய ஓர் அடையாளச் சீட்டு உங்கள் கணினியில் உருவாகிறது. பிறகு குரூப் பாலிசி, அதாவது எந்தப் பயனருக்கு, எந்தக் கணினிக்கு என்னென்ன அமைப்புகள் என்று நிர்வாகி எழுதிவைத்த விதிகள், படிக்கப்படுகிறது. அதில் குறிப்பிட்டிருக்கும் ஸ்கிரிப்ட், டொமைன் கன்ட்ரோலரின் பகிர்விலிருந்து எடுத்து ஓட்டப்படுகிறது. ஸ்கிரிப்ட் 'கோப்பகம்' என்ற பெயரைச் சொல்கிறது. மறுபடியும் டிஎன்எஸ். பெயர் ஐபி முகவரியாகிறது. அந்த முகவரியின் 445 என்ற போர்ட்டைத் தட்டுகிறது. எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறை பேசும் கதவு அது. சர்வர் உங்கள் அடையாளத்தைப் பார்த்து ஷேர் அனுமதி இருக்கிறதா, ஃபோல்டர் அனுமதி இருக்கிறதா என்று சோதிக்கிறது. எல்லாம் கூடிவந்தால்தான் இசட் என்ற எழுத்து திரையில் முளைக்கிறது.

இவற்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றே: இசட் இல்லை. ஆகவே புகாரின் சொற்களிலிருந்து பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கண்ணி வரை நன்றாக நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. ஸ்கிரிப்டைத் திறந்து வரிகளை மாற்றத் தொடங்குவது அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நன்றாக இருந்த ஸ்கிரிப்டைக் கெடுத்து, ஒருவருக்கு இருந்த தொல்லையை ஐம்பது பேருக்கும் பரப்பிவிடுகிறார்கள்.

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்

தொலைபேசியிலேயே கேட்டுவிடக் கூடிய கேள்விகள் உண்டு. பக்கத்து மேசைக்காரருக்கு இசட் தெரிகிறதா? எல்லோருக்கும் போயிருந்தால் சர்வர் அல்லது நெட்வொர்க் பக்கம் பாருங்கள். இவருக்கு மட்டும் போயிருந்தால், வேறொரு கணினியில் இவருடைய பெயரில் லாகின் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வந்தால் பழுது அவருடைய கணினியில். அங்கும் வராவிட்டால் அவருடைய பயனர் கணக்கில், அதாவது குழு, அனுமதி, பாலிசி இவற்றில் ஒன்றில். இந்தச் சிறிய சோதனை பாதிக் காட்டை வெட்டிவிடுகிறது. இதற்குக் கட்டளை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி: இன்று உண்மையிலேயே லாகின் செய்தாரா? லேப்டாப்பை மாலையில் மூடிவிட்டுக் காலையில் திறந்து கடவுச்சொல்லைத் தட்டுவதைப் பலர் லாகின் என்று நினைக்கிறார்கள். அது பூட்டைத் திறப்பது மட்டுமே. லாகின் ஸ்கிரிப்ட் அப்போது ஓடாது. மூன்று வாரமாக ஒரே லாகினில் வேலை செய்துகொண்டிருப்பவரிடம், சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வரச் சொன்னாலே டிரைவ் வந்துவிடும். புதிதாக ஒரு குழுவில் சேர்க்கப்பட்டவருக்கும் இதே மருந்துதான். அடையாளச் சீட்டு லாகினின்போது மட்டுமே எழுதப்படுகிறது. காலை பத்து மணிக்கு அவரைக் கணக்குப் பிரிவில் சேர்த்தால், அவர் வெளியேறி மறுபடி வரும்வரை சீட்டில் அந்தப் பெயர் ஏறாது. 'ஹூஆம்ஐ /குரூப்ஸ்' என்று தட்டினால் அந்த நேரத்தில் சீட்டில் என்ன இருக்கிறது என்று அப்படியே காட்டும்.

ஊமை ஸ்கிரிப்டைப் பேச வையுங்கள்

நான் தொடங்குபவர்களுக்கு வலியுறுத்துவது இதைத்தான். லாகின் ஸ்கிரிப்ட் மறைந்து ஓடுகிறது. அதன் முதல் வரி பெரும்பாலும் '@எக்கோ ஆஃப்'. அது தோற்கும்போது தெளிவாக ஒரு பிழை எண்ணைச் சொல்கிறது. ஆனால் யாரும் பார்க்காத சாளரத்தில் சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறது. அந்த எண்ணைக் கேட்காமல் செய்யும் பழுதுபார்ப்பு எல்லாம் இருட்டில் தடவுவதுதான்.

பயனர் லாகின் செய்திருக்கும் அதே கணினியில், அவருடைய பெயரிலேயே, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அந்த 'நெட் யூஸ்' வரியைக் கையால் தட்டுங்கள். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வரி வெற்றி பெற்றால் நெட்வொர்க்கும் அனுமதியும் நன்றாக இருக்கின்றன, ஸ்கிரிப்ட்தான் ஓடவில்லை. தோற்றால் ஓர் எண் கிடைக்கும். ஒரே நிமிடத்தில் வழி இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நிரந்தரமாகவே பேச வைக்கவும் முடியும். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு 'நெட் யூஸ்' வரியின் இறுதியிலும், பயனரின் தற்காலிக ஃபோல்டரில் இருக்கும் ஒரு பதிவுக் கோப்புக்கு வெளியீட்டைத் திருப்பிவிடுங்கள். >> என்ற குறியுடன் கோப்பின் பெயரை எழுதி, அதற்குப் பின்னால் 2>&1 என்று சேர்க்க வேண்டும். இந்தக் கடைசித் துண்டை மறந்தால் வெற்றிச் செய்திகள் மட்டுமே பதிவாகும், நமக்கு வேண்டிய பிழைச் செய்திகள் பதிவாகாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் தேதி, நேரம், கணினியின் பெயர் மூன்றையும் பதியச் செய்யுங்கள். நாளை புகார் வரும்போது அந்தக் கோப்பே சாட்சி சொல்லும். கோப்பே உருவாகியிருக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்: ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை.

எண்கள் சொல்வது

53 என்று வந்தால் 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்று பொருள். சர்வரையே அடைய முடியவில்லை. 67 என்றால் பெரும்பாலும் சர்வர் கிடைத்துவிட்டது, அந்தப் பெயரில் ஷேர் இல்லை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, யாராவது ஷேரின் பெயரை மாற்றினார்களா என்று பாருங்கள். 5 என்றால் அனுமதி மறுப்பு. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 85 என்றால் இசட் என்ற எழுத்தை ஏற்கெனவே வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. 1219 கொஞ்சம் சிக்கலானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

53 தான் அதிகம் வரும். வந்ததும் சர்வரின் பெயருக்கு 'பிங்' செய்யுங்கள். பெயருக்குப் பதில் வராமல் ஐபி முகவரிக்கு வந்தால் பழுது டிஎன்எஸ்ஸில். இரண்டுக்கும் வராவிட்டால் கேபிள், வைஃபை, ஸ்விட்ச் என்று கீழே இறங்குங்கள். பிங்குக்குப் பதில் இல்லை என்பதாலேயே சர்வர் இறந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' என்ற கட்டளைக்குச் சர்வரின் பெயரையும் 445 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் உரிய கதவையே நேராகத் தட்டிப் பார்க்கும்.

இந்த 53-ஐ நான் மறக்க முடியாதபடி கற்றுக்கொண்ட ஓர் அலுவலகம் உண்டு. ஒரு நாள் மூன்று பேருக்கு டிரைவ் இல்லை, மறுநாள் ஏழு பேருக்கு, அதற்கடுத்த நாள் வேறு ஐந்து பேருக்கு. எல்லோருக்கும் லாகின் ஆகிறது, இணையம் வேலை செய்கிறது. லாகின் ஆகும்போது டொமைன் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று இரண்டு நாள் ஸ்கிரிப்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கணினியில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' தட்டியபோதுதான் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்றிருந்தது கண்ணில் பட்டது. அது கூகுளின் பொது டிஎன்எஸ். உலகத்து வலைத்தளங்களையெல்லாம் அது அறியும். நம் அலுவலகத்துக்குள் இருக்கும் 'கோப்பகம்' என்ற சர்வரை அதற்குத் தெரியாது. கூட்ட அறையில் யாரோ நல்லெண்ணத்தில் ஒரு சிறிய வைஃபை ரவுட்டரைச் சொருகியிருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு ஐபி முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கணினியின் கேள்விக்கு ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொன்னதோ அந்தக் கணினிக்கு அன்று இசட் கிடையாது.

அப்படியானால் லாகின் எப்படி ஆனது? இதைத் தெரிந்துகொள்வது அவசியம். டொமைன் கன்ட்ரோலர் கிடைக்காதபோதும் பயனர் வேலை செய்யட்டும் என்று, முன்பு அந்தக் கணினியில் லாகின் செய்தவர்களின் சரிபார்ப்பு விவரத்தை விண்டோஸ் சேமித்து வைத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் பத்துப் பேர் வரை. அதை வைத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆகவே "லாகின் ஆகிறது, எனவே நெட்வொர்க் நன்றாக இருக்கிறது" என்ற வாதம் செல்லாது. 'எக்கோ %லாகன்சர்வர்%' என்று தட்டிப் பாருங்கள். உங்கள் டொமைன் கன்ட்ரோலரின் பெயர் வர வேண்டும். வந்தாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்: சேமித்த விவரத்தை வைத்து லாகின் ஆனபோதும் பழைய பெயரே வரக் கூடும்.

எண் 5 வந்தால் இரண்டு பூட்டுகள் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். ஷேருக்கு ஓர் அனுமதிப் பட்டியல், அதற்குள் இருக்கும் ஃபோல்டருக்கு வட்டின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் வேறொரு பட்டியல். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். ஒன்றில் முழு அனுமதி கொடுத்துவிட்டு மற்றொன்றை மறப்பது அன்றாடம் நடக்கும் தவறு.

85 வந்தால் பென் டிரைவைத் தேடுங்கள். செருகியதும் விண்டோஸ் அதற்குக் காலியாக இருக்கும் முதல் எழுத்தைக் கொடுக்கிறது. அது ஈ, எஃப், ஜி என்று வரும். உங்கள் ஸ்கிரிப்ட் பழைய நெட்வேர் பழக்கத்தில் எஃப் எழுத்தை எதிர்பார்த்தால் மோதல்தான். நெட்வொர்க் டிரைவ்களுக்கு அகரவரிசையின் இறுதியிலிருந்து எழுத்துகளை எடுங்கள். பழைய இணைப்பே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், இணைப்பதற்கு முன் 'நெட் யூஸ் இசட்: /டிலீட்' என்ற வரியைச் சேர்த்தால் போதும். எழுத்தின் இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டு எல்லா இணைப்புகளையும் ஒட்டுமொத்தமாக அறுக்கும் வரியைப் பல இடங்களில் பரிந்துரைத்திருப்பதைப் பார்க்கலாம். அதை நான் ஏற்கமாட்டேன். பயனர் தமக்கென்று இணைத்து வைத்திருப்பதையும் அது வெட்டிவிடும்.

இனி 1219. ஒரே லாகினுக்குள் இருந்துகொண்டு, ஒரே சர்வருடன் இரண்டு வேறு பயனர் பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. என்றோ ஒரு நாள் அந்தப் பயனர் அதே சர்வரின் வேறொரு ஷேரைத் திறக்க மேலாளரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, 'நினைவில் வைத்துக்கொள்' என்ற பெட்டியைக் குறியிட்டிருப்பார். மறுநாள் காலையில் அந்த இணைப்பு முதலில் எழுந்துவிடுகிறது. பிறகு அவருடைய சொந்தப் பெயரில் வரும் ஸ்கிரிப்டுக்கு 1219. சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைப் போட்டால் வேலை செய்கிறது என்று சிலர் கண்டுபிடித்து மகிழ்வார்கள். விண்டோஸ் அதை வேறொரு சர்வர் என்று எண்ணி ஏமாறுவதால் வேலை செய்கிறது. ஆனால் அங்கே வழக்கமாகக் கெர்பெரோஸ் கைவிடப்பட்டு, வலுக்குறைந்த பழைய சரிபார்ப்பு முறைக்குப் போய்விடுகிறது. நேர்வழி ஒன்றுதான். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, சேமித்த அந்தப் பதிவை நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றிய மறுநாளிலிருந்து ஒருவருடைய கணக்கு அடிக்கடி பூட்டிக்கொண்டால் அதற்கும் இங்கே சேமித்துக் கிடக்கும் பழைய கடவுச்சொல் காரணமாக இருக்கலாம்.

ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றால்

கையால் தட்டினால் இசட் வருகிறது, லாகினில் மட்டும் வரவில்லை. இப்போது ஸ்கிரிப்டைச் சந்தேகிக்கலாம். இங்கும் முதல் சந்தேகம் அதன் வரிகள் மீது போகக் கூடாது. அது அழைக்கப்பட்டதா என்பதையே முதலில் பாருங்கள். 'ஜிபிரிசல்ட் /ஆர்' என்ற கட்டளை, இந்தப் பயனருக்கு எந்தெந்தப் பாலிசிகள் செல்லுபடியாயின, எவை வடிகட்டப்பட்டன என்று சொல்லிவிடும். உங்கள் பாலிசி முதல் பட்டியலில் இல்லாவிட்டால், அந்தப் பயனரின் கணக்கு வேறு பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தம் இங்கே பலரைத் திணறடித்தது. அதுவரை பயனருக்கான பாலிசியைப் பயனரின் பெயரிலேயே படித்த விண்டோஸ், அதன் பிறகு கணினியின் பெயரில் படிக்கத் தொடங்கியது. 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற பொதுக் குழுவை நீக்கிவிட்டு ஒரு துறையின் பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலில் வைத்திருந்தவர்களின் பாலிசிகள் ஓசையின்றி நின்றுபோயின. அந்தப் பொதுக் குழுவுக்கோ, 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கோ படிக்கும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். இன்றும் ஒருவர் புதிதாகப் பாலிசி எழுதும்போது இதே குழியில் விழுகிறார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8.1-லிருந்து, குரூப் பாலிசி வழியாக வரும் லாகின் ஸ்கிரிப்டை விண்டோஸ் உடனே ஓட்டுவதில்லை. லாகின் வேகமாக முடிந்து திரை விரைவில் வரட்டும் என்று ஐந்து நிமிடம் தள்ளிவைக்கிறது. நீங்கள் சோதிப்பீர்கள், டிரைவ் வராது. குழம்பி, எதையோ மாற்றி, தேநீர் குடித்துவிட்டு வருவீர்கள். வந்து பார்த்தால் டிரைவ் இருக்கும். கடைசியாக மாற்றியதுதான் காரணம் என்று நம்பிவிடுவீர்கள். தவறான பாடம் மனத்தில் பதிவது பழுதைவிடப் பெரிய கேடு. கணினிக்கான பாலிசிகளில் 'கான்ஃபிகர் லாகன் ஸ்கிரிப்ட் டிலே' என்ற அமைப்பைக் கண்டுபிடித்து, காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

இதன் தமையன் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறான். நெட்வொர்க் எழுவதற்கு முன்பே, சேமித்த விவரத்தை வைத்துப் பயனரை உள்ளே விட்டுவிட்டு, பாலிசிகளைப் பின்னணியில் படிக்கும் வேக ஏற்பாடு அது. புதிய ஸ்கிரிப்ட் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ லாகின் செய்த பிறகே வேலை செய்வதற்கு இதுவே காரணம். 'கணினி தொடங்கும்போதும் லாகினின்போதும் எப்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு' என்ற பொருளுடைய பாலிசி ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் மேசைக் கணினிகளுக்கு அதை இயக்கிவிடுங்கள்.

இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் இருக்கும் அலுவலகத்தில், ஒன்றில் திருத்திய ஸ்கிரிப்ட் மற்றொன்றுக்கு நகலாகாமல் நின்றுவிடுவதும் உண்டு. முன்பு சொன்ன லாகன்சர்வர் பெயரைப் பார்த்து, அந்தச் சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொறி

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டாம் என்றேன் அல்லவா? விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, நிர்வாகி அதிகாரம் உள்ளவர் லாகின் செய்யும்போது இரண்டு அடையாளச் சீட்டுகள் எழுதப்படுகின்றன. ஒன்று முழு அதிகாரத்துடன், மற்றொன்று அதிகாரத்தைக் குறைத்து. டிரைவ் எழுத்துகள் எந்தச் சீட்டின் கீழ் இணைக்கப்பட்டனவோ அதற்கு மட்டுமே தெரியும். உயர்ந்த அதிகாரத்துடன் நீங்கள் இணைத்த இசட், சாதாரணச் சாளரத்தில் தெரியாது. "கட்டளை வெற்றி என்கிறது, ஆனால் எக்ஸ்ப்ளோரரில் ஒன்றும் இல்லை" என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பொறியில் சிக்கியவர்கள். சாதாரணப் பயனர் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்தால் இன்னும் மோசம்: அங்கே இணைத்தது வேறோர் ஆளின் பெயரில். லாகின் ஸ்கிரிப்டுக்கு நிர்வாகி அதிகாரம் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். டிரைவ் இணைக்க அந்த அதிகாரம் தேவையே இல்லை.

கோப்பிலேயே பழுது

மேலே சொன்ன எல்லாம் நன்றாக இருந்தால்தான் கோப்புக்குள் போக வேண்டும். ஷேரின் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறீர்களா? நோட்பேடில் சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்ற குறியாக்கத்தைத் தேர்ந்துவிட்டால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேர்ந்துகொள்ளும். முதல் கட்டளையே புரியவில்லை என்று கமாண்ட் பிராம்ப்ட் சொல்லும். அந்த ஸ்கிரிப்டில் உள்ள ஃபோல்டர் பெயர்கள் தமிழில் இருந்தால் குறியாக்கச் சிக்கல் கூடுதலாகும் என்பதால், ஷேர்களுக்கு ஆங்கிலப் பெயரும் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குத் தமிழ்ப் பெயரும் வைப்பது தொல்லையில்லாத வழி. லாகின் ஸ்கிரிப்டாக எழுதும் பேட்ச் கோப்புக்கு 'நெட்' என்றே பெயர் வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் இன்னொரு பிழை. அது இருக்கும் ஃபோல்டரிலிருந்தே ஓட்டினால், உள்ளே இருக்கும் 'நெட் யூஸ்' என்ற வரி விண்டோஸின் கட்டளையை அழைப்பதற்குப் பதிலாகத் தன்னையே அழைத்து முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு இணைப்பின் இறுதியிலும் '/பெர்சிஸ்டன்ட்:நோ' என்று சேர்க்கச் சொல்வேன். இதைச் சேர்க்காவிட்டால் விண்டோஸ் அந்த இணைப்பைத் தானும் நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் மீட்க முயலக் கூடும். ஸ்கிரிப்டும் இணைக்க வரும். இருவர் ஒரே கதவில் முட்டிக்கொள்வார்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், இப்படி நினைவில் வைத்த டிரைவ்கள் லாகினுக்குப் பிறகு சிவப்புப் பெருக்கல் குறியுடன் நின்றன. அதற்கு மைக்ரோசாஃப்டே பரிந்துரைத்த மாற்றுவழி, லாகினின்போது மறுபடி இணைக்கும் ஒரு ஸ்கிரிப்ட்தான்.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருபவர்களின் நிலை வேறு. அவர்கள் லாகின் செய்யும் நேரத்தில் அலுவலக நெட்வொர்க்கே இல்லை. விபிஎன் இணைந்த பிறகு ஸ்கிரிப்ட் தானாக மறுபடி ஓடாது. அதே கட்டளைகள் அடங்கிய ஒரு கோப்பை அவர்களுடைய டெஸ்க்டாப்பில் வைத்து, இணைந்ததும் அதை டபுள் கிளிக் செய்து ஓட்டச் சொல்வது எளிமையான தீர்வு. நான் அதைக் கூச்சமில்லாமல் பரிந்துரைக்கிறேன்.

புதிய கணினிகளுக்கு மட்டும் டிரைவ் வராமல் பழையவற்றுக்கு வந்தால், கோப்புகள் இருக்கும் பெட்டியின் வயதைப் பாருங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியே உலகெங்கும் பரவியது. அந்தப் பழைய பதிப்பை, அதே ஆண்டு இறுதியில் வந்த 1709 பதிப்பு முதல், விண்டோஸ் 10-இன் என்டர்பிரைஸ் போன்ற வகைகள் புதிதாக நிறுவப்படும்போது சேர்ப்பதில்லை; மற்ற வகைகளும் அதைப் பயன்படுத்தாவிட்டால் சில நாளில் தாமாக நீக்கிவிடுகின்றன. பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தனிக் கருவி) அதை மட்டுமே பேசத் தெரிந்ததாக இருந்தால் புதிய கணினியுடன் பேச்சு நடக்காது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். பழைய பதிப்பைக் கணினிகளில் மறுபடி இயக்கிவிடும் குறுக்குவழியை எடுக்காதீர்கள். எல்லோருடைய உழைப்பும் அந்த ஒரு பெட்டியில்தான் இருக்கிறது.

புதிதாக அமைப்பவர்கள் ஸ்கிரிப்டே இல்லாமலும் இதைச் செய்யலாம். விண்டோஸ் சர்வர் 2008 உடன் வந்த குரூப் பாலிசி பிரிஃபரன்ஸஸில் 'டிரைவ் மேப்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. எழுத்து, ஷேர், எந்தக் குழுவுக்கு என்பவற்றை நிரப்பினால் போதும். விபிஸ்கிரிப்டில் எழுதிய பழைய லாகின் ஸ்கிரிப்டுகளை வைத்திருப்பவர்கள் இதற்கு மாறியாக வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்த மொழியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. ஆனால் அறுந்துபோகக் கூடிய கண்ணிகள் இங்கும் அவையேதான். இணைப்பு தோற்றால் ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், 'குரூப் பாலிசி டிரைவ் மேப்ஸ்' என்ற பெயரில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அதில் 80070035 என்று முடியும் நீளமான எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசி இரண்டு இலக்கமான 35, பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்டது. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, அதனுடன் ஐந்து: 53. சர்வரை அடைய முடியவில்லை. டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.